படிப்பகத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் எதைக் கொடுப்பது? மல்லாட்டை (நிலக்கடலை), முந்திரி, சிறுதானியம், சாக்லேட்: ஓர் ஒப்பீடு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் மாலைப் படிப்பகத்துக்கு நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள். பள்ளி விட்டு நேராகப் பசியோடு வருகிறவர்கள். ஐந்தரை மணிக்கு வாயில் எதையாவது போட்டால்தான் ஏழரை வரை கணக்குப் புத்தகத்தில் கண் நிற்கும். இதுவரை ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்தான் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஆண்டின் செலவை ஏற்றுக்கொண்ட ஓய்வுபெற்ற ஆசிரியை, பணத்தோடு நிபந்தனைகளையும் கொடுத்தார். பிள்ளைகளின் உடம்புக்கு நல்லதாக இருக்க வேண்டும். அதை விளைவித்தவர், உடைத்தவர், சமைத்தவர் எவர் வயிற்றிலும் அடிக்காததாக இருக்க வேண்டும். தலைக்கு ஆறு ரூபாய்க்கு மேல் ஒரு காசு கேட்கக் கூடாது. முதல் இரண்டையும் கண்டிப்பாகவும் மூன்றாவதைச் சிரித்துக்கொண்டும் சொன்னார். மூன்றாவதுதான் உண்மையில் கண்டிப்பானது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பிஸ்கட்டை முதலில் முடித்துவிடலாம். மைதா, சர்க்கரை, பாமாயில் மூன்றும் சேர்ந்த பண்டம் அது. உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. எந்தக் காட்டை அழித்த தோட்டம், யார் குலை வெட்டினார்கள் என்று பாக்கெட்டைக் கேட்டால் அது பதில் சொல்லாது. ஆனால் பிஸ்கட்டுக்கு மூன்று பெருமைகள் உண்டு: மலிவு, கெடாது, யாரும் அடுப்பு மூட்ட வேண்டாம். மாற்று எதுவானாலும் இந்த மூன்றுக்கும் ஈடு சொல்லியாக வேண்டும்.

நியாய வணிகத்துக்கு முத்திரை இருக்கிறதே, அதைப் பார்த்து வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். அந்த முத்திரை 1988இல் நெதர்லாந்தில் காபிக்காகத் தொடங்கியது. 1997இல் பல நாட்டு அமைப்புகள் ஒன்றுகூடி ஃபேர்ட்ரேட் என்ற பொது அமைப்பாக ஜெர்மனியின் பான் நகரில் அமைந்தன. அதன் வழிமுறை எளிமையானது. சந்தை விலை எவ்வளவு விழுந்தாலும் விவசாயிக்கு ஒரு தரை விலை உண்டு. அதற்கு மேல் ஊக்கத்தொகை ஒன்றும் உண்டு. சாக்லேட்டுக்கு மூலமான கோகோவுக்கு அது டன்னுக்கு 240 டாலர் என்று 2019இல் உயர்த்தப்பட்டது. அதைப் பள்ளிக்குச் செலவிடுவதா, கிடங்குக்கா என்று விவசாயிகளின் சங்கமே முடிவு செய்யும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது ஐரோப்பியக் கடைகளில் நிற்கும் வாடிக்கையாளரை மனதில் வைத்து வளர்ந்த ஏற்பாடு. கேரளத்தில் ஃபேர் ட்ரேட் அலையன்ஸ் கேரளா என்ற விவசாயிகள் கூட்டமைப்பு முந்திரியும் காபியும் மிளகும் இந்த முறையில் விற்கிறது. அந்த முந்திரி கப்பலேறிப் போகிறது. திருப்பாதிரிப்புலியூர் மளிகைக் கடைகளில் அந்த முத்திரையோடு ஒரு பொட்டலமும் என் கண்ணில் படவில்லை.

இயற்கை விளைபொருள் முத்திரையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. ஜைவிக் பாரத் சின்னமோ, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் சான்றளிக்கும் பி.ஜி.எஸ். சின்னமோ, மண்ணில் என்ன போட்டார்கள் என்பதைப் பற்றிப் பேசுபவை. களை எடுத்த அம்மாளுக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்பது அவற்றின் வேலை இல்லை. புவிசார் குறியீடும் அப்படித்தான். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் அது கிடைத்தது. அது பெயரையும் ஊரையும் காக்கிறது, பாகு காய்ச்சுகிறவரின் சம்பளத்தை அல்ல.

முத்திரை இல்லாத இடத்தில் ஒரு சோதனைதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. கடையில் கொடுக்கும் விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு வயல் வரை போக முடிகிறதா? வழியில் எத்தனை கைகள், ஒவ்வொரு கைக்கும் என்ன மிஞ்சும் என்று ஓரளவாவது சொல்ல முடிகிறதா? எந்தப் பண்டத்துக்கு முடிகிறதோ அதை வாங்குவோம். இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு பார்த்தபோது, எங்கள் மாவட்டத்தின் செல்லப்பிள்ளையான முந்திரிதான் முதலில் தடுமாறியது.

பண்ருட்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினால் பணிக்கன்குப்பம், காடாம்புலியூர் என்று வழியெல்லாம் முந்திரிதான். தோப்பும் உண்டு, உடைப்புக் கொட்டகையும் உண்டு, வீட்டுத் திண்ணையில் தோல் உரிப்பதும் உண்டு. மண்ணும் இதற்கென்றே அமைந்த செம்மண். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் இங்கே பரவலாக நிற்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, பல்லாண்டு மரங்கள் பலாவோடு சேர்ந்து வேரோடு சாய்ந்தன. புதிதாக நடும் ஒட்டுக்கன்று காய்க்கவே மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் இந்த ஊர் முந்திரியை விடவில்லை. ஆகவே "நம்ம ஊர் முந்திரி இருக்கும்போது வேறென்ன" என்று படிப்பகக் கூட்டத்தில் எழுந்த குரலுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் பண்ருட்டியில் உடைக்கப்படும் கொட்டை எல்லாம் பண்ருட்டியில் காய்த்தது அல்ல. இந்திய ஆலைகளுக்கு உள்நாட்டு விளைச்சல் போதாததால் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பச்சைக் கொட்டை கப்பலில் வருகிறது. உலகில் அதிகமாகக் கொட்டை விளைவிப்பது ஐவரி கோஸ்ட். பொட்டலத்தில் பண்ருட்டி என்று அச்சடித்திருந்தால், உடைத்த ஊர் அது என்று மட்டும் எடுத்துக்கொள்வதே சரி. ஆப்பிரிக்காவில் மரத்தடியில் பொறுக்கியவருக்கு என்ன கிடைத்தது என்று இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. உடைப்புக் கொட்டகை முதலாளிக்கும் தெரியாது.

அடுத்தது ஓடு. முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் பொத்துப்போகும். வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ ஓட்டை இளக்கிய பிறகும் அது முழுதாகப் போவதில்லை. கையில் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ பூசிக்கொண்டு உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும். கையுறை போட்டால் வேகம் குறைகிறது. கூலியோ பெரும்பாலும் கிலோக் கணக்கு. பருப்பு உடையாமல் முழுதாக வர வேண்டும். ஏனென்றால் சந்தையின் மதிப்பு முழுப் பருப்புக்குத்தான். டபிள்யூ 320 என்று தரம் போடுகிறார்களே, அது ஒரு பவுண்டில், அதாவது 454 கிராமில், 300 முதல் 320 முழுப் பருப்பு நிற்கும் என்ற கணக்கு. எண் சிறியதாகும்போது பருப்பு பெரியதாகும், விலையும் ஏறும்.

இப்போது பின்னோக்கிய கணக்கு. ஒரு கிலோ பருப்புக்கு நான்கு முதல் ஐந்து கிலோ கொட்டை வேண்டும். கொட்டை கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூலப்பொருளே 520 முதல் 650 ரூபாய். கடையில் 850 ரூபாய்க்கு வாங்கினால் மிச்சம் 200 முதல் 330. வறுப்பது, உடைப்பது, உலர்த்துவது, தோல் உரிப்பது, தரம் பிரிப்பது, ஏற்றுவது, ஆலைக்காரர் லாபம், கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இந்தக் குறுகலான இடத்தில் எந்தக் கை நசுங்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. ஆறு ரூபாய்க்குப் பிள்ளை ஒன்றுக்கு ஏழு கிராம் வரும், ஐந்து பருப்பு. எண்ணித் தின்று முடித்துவிட்டு, மீதி எங்கே என்று கேட்கும்.

இதனால் முந்திரியை ஒதுக்கிவிட வேண்டுமா? அங்கேதான் எனக்கும் படிப்பகச் செயலாளருக்கும் வாக்குவாதம். வாங்காமல் விட்டால் கை பொத்துப்போன பெண்ணுக்கு இருக்கும் கூலியும் போகும் என்பது அவருடைய வாதம். அதை மறுக்க முடியாது. நான் சொன்னது இவ்வளவுதான்: தினப்படிக்கு முந்திரி வேண்டாம். எப்போதாவது வாங்கும்போது, உடைப்புக் கொட்டகை வைத்திருப்பவரிடமே நேரில் வாங்குவோம். கையுறை இருக்கிறதா, ஒரு கிலோ உடைக்க என்ன கூலி என்று வேலை செய்பவரிடமே கேட்போம். உடைசல் பருப்பாக வாங்கினால் முழுப் பருப்பின் அதே சத்து குறைந்த விலைக்குக் கிடைக்கும். பாயசத்துக்கு மேலே மிதக்கத்தான் முழு முந்திரி வேண்டும்; வயிற்றுக்கு அந்த அழகு தேவையில்லை.

முந்திரிக்கு எதிரே மல்லாட்டையை வைத்தால் விலையில் ஆறில் ஒரு பங்குதான், ஆனால் புரதம் அதிகம். நூறு கிராம் நிலக்கடலையில் சுமார் 24 கிராம் புரதம், முந்திரியில் 18, 19. முப்பது கிராம், ஒரு கைப்பிடி, கொடுத்தால் ஒரு பிள்ளைக்கு ஏழு கிராம் புரதம் சேர்கிறது. மாலை ஐந்தரை மணிக்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

அதன் விலைக் கணக்கும் வெளிச்சத்தில் இருக்கிறது. நிலக்கடலைக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. 2025-26 பருவத்துக்குத் தோட்டோடு குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். நூறு கிலோ காயை உடைத்தால் ஏறக்குறைய எழுபது கிலோ பருப்பு வரும். அப்படியானால் ஆதரவு விலைப்படி ஒரு கிலோ பருப்பின் வயல் விலை சுமார் 104 ரூபாய். கடையில் 140 ரூபாய் என்றால் இடைப்பட்ட 36 ரூபாயில் உடைப்பு, வண்டி, வியாபாரி, கடை. இது நம்பக்கூடிய கணக்கு. அதே பருப்பு எங்காவது 105 ரூபாய்க்குக் கிடைத்தால் மகிழ்ச்சி அடைவதற்கு முன் யோசிக்க வேண்டும். அறிவித்த விலை விவசாயிக்குப் போய்ச் சேரவில்லை என்பதற்கு அது அடையாளம். ஆதரவு விலை அறிவிப்பதால் மட்டும் அந்த விலை கிடைத்துவிடாது என்பது விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மூட்டை ஏற்றிப் போன எந்த விவசாயியும் சொல்லும் செய்தி. அங்கே வியாபாரிகள் ஏலத்தில் கேட்கும் விலை உள்ளூர் நாளிதழ்களில் வருகிறது. எத்தனை கிலோ மூட்டை, காயா பருப்பா என்பதைக் கவனித்துப் படித்தால், நாம் கொடுக்கும் விலையில் வயலுக்கு எவ்வளவு போகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். முந்திரிக்கோ சாக்லேட்டுக்கோ இந்த வசதி நமக்கு இல்லை.

மல்லாட்டையில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. செடியிலிருந்து காய் பறிக்கும் பெண்களுக்குக் காயாகவோ பணமாகவோ அளந்து கொடுப்பது இங்கே பழைய வழக்கம். அளக்கிறவர் கையைப் பொறுத்தது கூலி. ஆனால் இது பக்கத்து ஊரில் நடப்பது. குறிஞ்சிப்பாடிப் பக்கமோ பண்ருட்டிப் பக்கமோ தெரிந்த விவசாயியிடம் வாங்கினால், பறிப்புக் கூலி என்ன என்று கேட்டு, கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூட்டிக் கொடுக்கிறோம், அது பறிக்கிறவருக்குப் போகட்டும் என்று சொல்ல முடியும். போகிறதா என்று அடுத்த அறுவடையில் போய்ப் பார்க்கவும் முடியும்.

உடம்புக் கணக்கில் முக்கியமான ஆபத்து: பூஞ்சை. ஈரம் தங்கிய கடலையில் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலுக்குக் கேடு, வறுத்தாலும் முழுதாக அழியாது. எங்கள் ஊருக்கு ஆண்டின் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான் பெய்கிறது. அந்த நேரத்தில் மண்ணிலிருந்து எடுத்த மானாவாரிக் கடலையை நன்றாகக் காயவைக்க வெயில் கிடைப்பதில்லை. பங்குனி, சித்திரையில் வரும் இறவைக் கடலையை வாங்கி, காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்கும் வரை காயவைத்து, தோட்டோடு வைத்துக்கொள்வதே நல்லது. சுருங்கியதையும் நிறம் மாறியதையும் கசப்பதையும் தள்ளிவிட வேண்டும். சில பிள்ளைகளுக்குக் கடலை ஒவ்வாமை இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் மூச்சை அடைக்கும். முதல் நாளே பெற்றோரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது கட்டாயம்.

கடலை உருண்டையாகக் கொடுத்தால் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் தின்பார்கள் என்று ஒரு யோசனை வந்தது. தின்பார்கள். ஆனால் உருண்டையில் கிட்டத்தட்டப் பாதி வெல்லம். வெல்லத்தில் இரும்புச்சத்து இருக்கிறது என்று சொல்லிக்கொண்டாலும் உடம்புக்கு அது சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையிலும் அது சர்க்கரைக் கணக்கிலேயே சேரும். உடம்பு, கூலி என்ற முதல் இரண்டு நிபந்தனைகளிலும் வெல்லம் இடறுகிறது. கரும்பு வெட்டும் வேலைக்கு முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு கட்டிப்போடும் பழக்கம், கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்த பிறகும் சாகவில்லை. வட மாவட்டங்களில் இருளர் குடும்பங்கள் அப்படிப்பட்ட இடங்களிலிருந்து மீட்கப்பட்ட செய்திகளை நாளிதழில் படித்திருக்கிறோம். எந்த ஆலை, எந்தக் கொட்டகை என்று தெரியாமல் வாங்கும் அச்சு வெல்லத்தில் இதையெல்லாம் பிரித்துப் பார்க்க வழியில்லை. பளபளவென்று மஞ்சளாக இருந்தால் வெளுக்க மருந்து போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் ஊகிக்கலாம். உருண்டை பொங்கலுக்கும் சரஸ்வதி பூஜைக்கும் போதும்.

சிறுதானியத்தில் இரண்டு வகை இருக்கிறது: தானியமும், தானியத்தின் படம் போட்ட பெட்டியும். புதுச்சேரிக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் சிறுதானிய பிஸ்கட் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். எடை அதிகமான பொருளை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. முதலில் கோதுமை மாவு, அடுத்து சர்க்கரை, அதற்குப் பிறகு எங்கோ ஐந்து சதவீதம் கேழ்வரகு என்றிருந்தால் அது விலை கூடிய பழைய பிஸ்கட். அசல் கேழ்வரகோ, நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் கொண்டது. வளரும் பிள்ளைக்கு இதற்கு ஈடு தானியத்தில் இல்லை. கேழ்வரகுக்கு குவிண்டாலுக்கு 4,886 ரூபாய், கம்புக்கு 2,775 ரூபாய் என்று 2025-26க்கு ஆதரவு விலை இருப்பதால் இங்கேயும் கணக்குப் போடலாம். சாமை, தினை, வரகுக்கு மத்திய அரசின் அந்தப் பட்டியலில் இடமே இல்லை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் சாமைக்கு வியாபாரி சொன்னதுதான் விலை. அதை நேரடியாக மலைவாழ் விவசாயிகளின் குழுவிடம் வாங்கினால் பெரிய நன்மை. ஆனால் சாமையை மாலைத் தீனியாக்குவதற்கு நிறைய வேலை. கம்பு மாவு அரைத்துச் சில நாட்களிலேயே கசக்கத் தொடங்கும், ஆகவே மொத்தமாக வாங்கி வைக்க முடியாது. முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடைதான் எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்கிறது.

அடை என்றதும் யார் சுடுவது என்ற கேள்வி வரும். சுண்டலுக்கும் அதே கேள்வி. சர்க்கரை இல்லை, எண்ணெய் ஒரு கரண்டி, புரதமும் நார்ச்சத்தும் நிறைய. உடம்புக் கணக்கில் கொண்டைக்கடலைச் சுண்டலை எதுவும் வெல்லாது. கொண்டைக்கடலை மத்தியப் பிரதேசத்திலிருந்தோ மகாராஷ்டிரத்திலிருந்தோ வருகிறது என்பதால் வயல் வரை போய்ப் பார்க்க முடியாது. வேண்டுமானால் உள்ளூர்க் காராமணியை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கூட்டத்தில் எல்லோரும் சட்டென்று சொன்னது, "கூட்டிப் பெருக்க வருகிற அம்மாவே செய்துவிடுவாரே." அவருடைய சம்பளம் பெருக்குவதற்கு மட்டும். ஆப்பிரிக்கக் கோகோத் தோட்டத்துக் கூலியைப் பற்றிக் கவலைப்பட்டுவிட்டு, நம் வராந்தாவில் ஒருவரை இலவசமாக அடுப்பில் நிறுத்துவது எந்த நியாய வணிகத்தில் சேரும்?

கோகோ என்றதும் நினைவுக்கு வருகிறது. சாக்லேட்டையும் ஒருவர் முன்மொழிந்தார், கறுப்புச் சாக்லேட் உடம்புக்கு நல்லதாம். உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா இரண்டு நாடுகளில் விளைகிறது. அங்கே கோகோ விளையும் பகுதிகளில் சுமார் 15.6 லட்சம் குழந்தைகள் குழந்தைத் தொழிலில் இருப்பதாகச் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நார்க் நிறுவனம் 2020இல் அறிக்கை தந்தது. நம் பிள்ளைகளின் வாய்க்குள் போவது அவர்கள் வயதுப் பிள்ளைகள் கத்தியால் பிளந்த காய் என்றால் எப்படித் தொண்டையில் இறங்கும்? இதற்கு மாற்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆரோவில்லில் மேசன் அண்ட் கோ, தென்னிந்திய விவசாயிகளிடம் கோகோக் கொட்டையை வாங்கி வறுத்து அரைத்துக் கட்டியாக்கும் வரை தாங்களே செய்கிறார்கள். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கும் கோகோ மரங்கள் ஆப்பிரிக்காவோடு ஒப்பிட்டால் எட்டிப் பார்க்கும் தூரம். ஆனால் அந்த விலை ஆறு ரூபாய்க்குள் அடங்காது. எழுபது சதவீதக் கறுப்புச் சாக்லேட்டிலும் ஏறக்குறைய முப்பது சதவீதம் சர்க்கரை. கசப்பைப் பிள்ளைகள் பாதியில் துப்பிவிடுவார்கள் என்பது தனி. பிறந்த நாள் பரிசாக வாங்கித் தரும் பெற்றோருக்கு இது நல்ல தேர்வு, படிப்பகத்துக்கு இல்லை.

ஆக, வாரத்தில் நான்கு நாள் மல்லாட்டை. பங்குனி முதல் ஆவணி வரை சில நாள் காயாகவே அவித்து உப்புப் போட்டு, மற்ற நாள் வறுத்து. ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் கேழ்வரகு அடை. முப்பது கிராம் கடலைக்கு, கிலோ 140 ரூபாய் என்றால், 4 ரூபாய் 20 காசு ஆகிறது. மிஞ்சும் 1 ரூபாய் 80 காசை நாற்பதால் பெருக்கினால் நாளுக்கு 72 ரூபாய். அதில் அடுப்புச் செலவு போக, வறுக்கிற அல்லது அவிக்கிற ஒரு மணி நேரத்துக்கு அந்த அம்மாவுக்குத் தனிக் கூலி. ஒப்புக்கொண்டால் அவர், இல்லையென்றால் வேறொருவர். அடை நாளில் கூலி கொஞ்சம் கூட வேண்டும், அதைக் கடலை நாளில் மிச்சமாவது ஈடுகட்டும். தினமும் கடலையா என்று பெரிய பையன்கள் முகம் சுளிப்பார்கள். எலுமிச்சம்பழமும் வெங்காயமும் போட்டுக் கொடுத்தால் முகம் நேராகிவிடும்.

முந்திரி மாதக் கடைசி சனிக்கிழமைக்கு. அன்றைய பணம் ஆசிரியையின் கணக்கில் இல்லாமல் நாங்கள் தனியாகப் போடுவது. காடாம்புலியூரில் எந்தக் கொட்டகையில் வாங்குவது என்று செயலாளர் பட்டியல் எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். பட்டியலில் விலைக்குப் பக்கத்திலேயே உடைப்புக் கூலிக்கும் ஒரு கட்டம் போடச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கட்டம் காலியாக வந்தால் அந்தச் சனிக்கிழமையும் மல்லாட்டைதான்.